கேரமல் ஆப்பிள்: எல்லாரும் கேரமலைப் பாக்குறாங்க, ஆப்பிளை யாரும் பாக்குறதில்ல

வீட்ல கேரமல் ஆப்பிள், அதாவது குச்சியில குத்தின ஆப்பிளைச் சர்க்கரையும் க்ரீமும் சேத்துக் காய்ச்சுன பாகுல முக்கி எடுக்கிறது, பண்ணப்போறேன்னு யார் சொன்னாலும் அடுத்து வர்ற கேள்வி எல்லாமே கேரமலைப் பத்திதான் இருக்கும், எவ்ளோ சர்க்கரை, என்ன க்ரீம், எப்போ இறக்கணும்னு. ஆப்பிளைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அது என்ன, வாங்கி வச்சா முடிஞ்சதுன்னு நினைப்பு. நான் இதைப் பண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து பாத்தவரைக்கும் சொதப்பல் முக்கால்வாசி ஆப்பிள் பக்கத்துலேர்ந்துதான் வருது, கேரமல் பாவம் பழியை மட்டும் வாங்கிக்குது.

என் தங்கச்சி ஒரு நாள் காலைல போன் பண்ணா. "அக்கா, கேரமல் சூப்பரா வந்துச்சு, நேத்து நைட்டு முக்கி வச்சப்ப பளபளன்னு இருந்துச்சு, இப்ப பாத்தா எல்லாம் பாவாடை மாதிரி கீழ இறங்கி நிக்குது, மேல வெறும் ஆப்பிள்தான் தெரியுது"ன்னு. நான் பதம் எல்லாம் கேக்கல. ஆப்பிளைக் கழுவுனியான்னு கேட்டேன், கழுவுனேன்னா. தொடைச்சியான்னு கேட்டேன், "அதுவே காஞ்சிருக்கும்க்கா"ன்னா. அவ்ளோதான், விஷயம் தெரிஞ்சு போச்சு.

ஆப்பிள் தோல் மேல மெழுகு இருக்கும். மரத்துல இருக்கும்போதே ஆப்பிளுக்குன்னு இயற்கையா ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, பறிச்சதுக்கப்புறம் கழுவும்போது அது கொஞ்சம் போயிடும், அதனால பேக் பண்றதுக்கு முன்னாடி சாப்பிடக்கூடிய மெழுகு ஒண்ணை மேல பூசுவாங்க, கார்னோபா, ஷெல்லாக் இந்த மாதிரி. சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, அதைப் பத்தி பயம் வேணாம். ஆனா கேரமலுக்கு அது வழுக்குப்பாறை. சூடா இருக்கும்போது ஒட்டின மாதிரி தெரியும், நேரம் ஆக ஆக அதோட கனத்துலயே மெதுவா கீழ வழியும்.

இதுக்கு நான் பண்றது, ஒரு பாத்திரத்துல தண்ணியைக் கொதிக்க வச்சு அடுப்பை அணைச்சுட்டு ஆப்பிளை ஒரு ஓட்டைக்கரண்டில வச்சு அஞ்சாறு செகண்ட் முக்கி எடுத்து உடனே ஒரு சொரசொரப்பான துணியால அழுத்தித் தொடைப்பேன். தொடைச்ச உடனே பளபளப்பு போய் தோல் மங்கலா ஆயிடும், சில ஆப்பிள்ல துணியிலயே வெள்ளையா மெழுகு தெரியும். நகத்தால லேசா சுரண்டிப் பாத்தாலும் தெரியும், நகத்துல வெள்ளையா ஏறுச்சுன்னா இன்னும் இருக்குன்னு அர்த்தம், இன்னொரு தடவை முக்கலாம். ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள விட்டுறாதீங்க, தோல் வெந்து உள்ள மெத்துன்னு ஆயிடும்.

அடுத்து ஈரம், என்னைக் கேட்டா மெழுகை விட இதுதான் பெரிய எதிரி. வெளிப்பக்கம் எல்லாரும் தொடைப்பாங்க, காம்பு இருக்கிற குழி இருக்கு பாருங்க, அதுல ஒரு சொட்டு தண்ணி நிக்கும், வெளியில தெரியவே தெரியாது, கேரமல்ல முக்கும்போது அந்த சொட்டு சூடாகி ஆவியாகி அடியிலேர்ந்து குமிழ் விடும், அந்த இடத்துல கேரமல் ஒட்டாது, அங்கேர்ந்துதான் உரிய ஆரம்பிக்கும். டிஷ்யூ பேப்பரைத் திரி மாதிரி முறுக்கி அந்தக் குழிக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்தி எடுங்க, அடிப்பக்கம் இருக்கிற குழியிலயும் அதே. எடுத்த திரி நனைஞ்சிருக்கும், அப்பதான் நம்புவீங்க. இதெல்லாம் முடிச்சுட்டு ஃபேனுக்குக் கீழ ரெண்டு மூணு மணி நேரம் அப்படியே விட்டுருவேன், முடிஞ்சா காலைல இந்த வேலையை முடிச்சுட்டு சாயங்காலம் கேரமல் வைப்பேன்.

ஆப்பிளை ஃப்ரிட்ஜ்ல வச்சு சில்லுன்னு இருக்கும்போது முக்கணும்னு ஒரு கோஷ்டி சொல்லும், அப்படிப் பண்ணா கேரமல் பட்ட உடனே இறுகும், வழியாதுன்னு. அது சரிதான், காத்துல ஈரமே இல்லாத நாள்ல. காத்து பிசுபிசுன்னு இருக்கிற நாள்ல ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த ஆப்பிள் ரெண்டே நிமிஷத்துல வேர்த்துரும், அவ்ளோ நேரம் தொடைச்சது எல்லாம் வீண். நான் சாதாரண அறைச் சூட்டுல இருக்கிற ஆப்பிள்லதான் முக்குவேன், வழியுறதைத் தடுக்க கேரமலைக் கொஞ்சம் ஆற விட்டுக்கலாம், அதைக் கீழ சொல்றேன்.

எந்த ஆப்பிள்னு கேட்டா, புளிப்பு, கெட்டி, சின்ன சைஸ், இந்த மூணும் இருக்கணும். பச்சையா இருக்கிற கிரானி ஸ்மித் இதுக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும், கேரமலோட தித்திப்பை அந்தப் புளிப்புதான் சரி பண்ணும். அது கிடைக்கலன்னா பிங்க் லேடி நல்லாருக்கும், ஃபுஜி இனிப்பு ஜாஸ்தி, ஆனா கடிச்சா மொறுமொறுன்னு இருக்கும், பரவாயில்ல. மாவு மாதிரி இருக்கிற ஆப்பிளை மட்டும் எடுத்துறாதீங்க, அதைக் கடிக்கும்போது கேரமலோட பல்லுல வந்து அப்பும், குச்சியும் அதுல நிக்காது. பெரிய ஆப்பிள் போட்டோவுக்கு நல்லாருக்கும், சாப்பிட ஆரம்பிச்சா நாலு கடியில கேரமல் காலி, மீதி வெறும் ஆப்பிளைச் சாப்பிடணும். 150 கிராம் பக்கம் இருக்கிறதா பாத்து எடுங்க.

குச்சி. காம்பை முறுக்கிப் பிடுங்கிட்டு அதே இடத்துல நேரா இறக்கணும், முக்கால் ஆழம் போதும், அடியில குத்திக்கிட்டு வெளிய வரக்கூடாது. கொஞ்சம் தடிமனான மரக்குச்சியா இருக்கட்டும், மெல்லிசா இருந்தா தூக்கும்போது ஆப்பிள் சுத்திக்கிட்டே இருக்கும். குத்தின உடனே அந்த ஓட்டையில சாறு கசியும், இதைக் கவனிச்சுக்கோங்க, இந்தச் சாறு பின்னாடி திரும்பவும் வரும். அதனால நான் குச்சியை ரொம்ப முன்னாடியே குத்தி வைக்க மாட்டேன், கேரமல் அடுப்புல கடைசிக் கட்டத்துல இருக்கும்போதுதான் குத்துவேன், குத்தி சுத்தியும் ஒரு தடவை ஒத்தி எடுத்துருவேன்.

இப்ப கேரமல். ஆறு சின்ன ஆப்பிளுக்கு நான் எடுக்கிற அளவு: சர்க்கரை 200 கிராம், விப்பிங் க்ரீம் 240 எம்எல், லிக்விட் குளுக்கோஸ் 150 கிராம், வெண்ணெய் 60 கிராம், உப்பு அரை டீஸ்பூன், கடைசியில கலக்க கொஞ்சம் வெனிலா. க்ரீம்ல கொழுப்பு 35 சதவீதத்துக்குப் பக்கத்துல இருக்கட்டும், கம்மியா இருக்கிற க்ரீம்ல தண்ணி ஜாஸ்தி, வத்துறதுக்கு ரொம்ப நேரம் ஆகும், சில சமயம் திரிஞ்ச மாதிரி ஆயிடும். நாட்டுச் சர்க்கரையோ பிரவுன் சுகரோ போட்டா கலர் நல்லா ஆழமா வரும், வெள்ளைச் சர்க்கரையிலயும் வரும், பாலும் சர்க்கரையும் சேந்து கொதிக்கும்போது அதுவே பொன்னிறமா மாறும்.

லிக்விட் குளுக்கோஸை விட்டுட்டுப் பண்ணலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. பண்ணலாம், ஆனா பூத்துப்போக நிறைய சான்ஸ் இருக்கு. பாகு ஆறும்போது ஒரே ஒரு சர்க்கரைத் துகள் எங்கயாவது ஒட்டிட்டிருந்தாலும் அதைப் பிடிச்சுக்கிட்டு மொத்தமும் திரும்பச் சர்க்கரையா கட்டப் பாக்கும், குளுக்கோஸ் நடுவுல புகுந்து அதைச் சேர விடாம பண்ணும். அதே காரணத்துக்காகத்தான் பாத்திரத்தோட ஓரத்துல தெறிச்சு ஒட்டியிருக்கிற சர்க்கரையை ஈரமான பிரஷ்ஷால தொடைச்சு உள்ள இறக்கிவிடணும், கொதி வர்றதுக்கு முன்னாடியே.

பாத்திரம் பெருசா, அடிகனமா இருக்கட்டும், இது ரொம்ப முக்கியம். க்ரீம் போட்ட பாகு பொங்கும், நீங்க ஊத்துன அளவுக்கு மூணு மடங்கு மேல வரும். வெனிலா தவிர எல்லாத்தையும் ஒண்ணா போட்டு சின்னத் தீயில சர்க்கரை கரையுற வரைக்கும் கிண்டி, அப்புறம் மிதமான தீயில வச்சு விட்டுருங்க, அடிபிடிக்காம அப்பப்ப அடியைத் தொட்டுக் கிண்டணும். முதல்ல நுரை நுரையா பால் பொங்குற மாதிரி குமிழ் சின்னதா இருக்கும், தண்ணி வத்த வத்த குமிழ் பெருசாகும், மெதுவா உடையும், சத்தமும் மாறும், சலசலன்னு இருந்தது பொளக் பொளக்னு ஆயிடும். அந்தச் சத்தம் வந்தாச்சுன்னா அடுப்பை விட்டு நகராதீங்க. தீயோட அளவைப் பொறுத்து மொத்தம் 20 லேர்ந்து 30 நிமிஷம் ஆகும், அவசரப்பட்டு தீயை ஏத்துனா அடி கருகும், மேல இன்னும் பதம் வந்திருக்காது.

பதம் 118 டிகிரி செல்சியஸ். அதுக்குக் கம்மியா 112, 113ல இறக்கினா நைட்டு ஃபுல்லா வழியும், 122, 123க்கு மேல போனா பல்லுல கடிக்க முடியாது, பல்லு கட்டியிருக்கிறவங்க பக்கமே போகக்கூடாது. நான் தெர்மாமீட்டர் வச்சுப் பாப்பேன். அம்மா அதைப் பாத்துட்டு "ஏண்டி, பாகுக்கு எதுக்கு காய்ச்சல் பாக்குற"ன்னு சிரிச்சாங்க. அவங்க ஒரு கிண்ணத்துல பச்சைத்தண்ணி எடுத்து ஒரு சொட்டை அதுல விட்டு விரலால உருட்டினாங்க, உருண்டுச்சு, ஆனா எடுத்து விரல்ல வச்சா தளர்ந்து படுத்துருச்சு, "இன்னும் கொஞ்சம்"னாங்க, நான் பாத்தேன், 114. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப விட்டாங்க, இந்தத் தடவை உருண்டை நின்னுச்சு, அழுத்தினா அழுந்துது, விட்டா உருவம் மாறாம இருக்கு, "இறக்கு"ன்னாங்க, தெர்மாமீட்டர்ல 118. எனக்குப் பேச்சே வரல. அதனால தெர்மாமீட்டர் இல்லன்னு கவலைப்படாதீங்க, உருட்டுப் பதம் பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசே இல்ல. ஒரே விஷயம், தண்ணியில விட்டுப் பாக்குற அந்த நேரத்துல அடுப்பை அணைச்சுருங்க, நீங்க உருட்டிக்கிட்டு இருக்கிற அரை நிமிஷத்துல அங்க ரெண்டு மூணு டிகிரி ஏறிடும்.

தெர்மாமீட்டர் வச்சிருக்கிறவங்க அதை அப்படியே நம்பிடாதீங்க. கொதிக்கிற தண்ணியில வச்சுப் பாருங்க, 100 காட்டணும். உயரமான இடத்துல இருந்தா தண்ணியே 100க்கு முன்னாடி கொதிச்சுரும், சுமாரா 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். உங்க தெர்மாமீட்டர் தண்ணிக்கு 97 காட்டுதுன்னா கேரமலை 115ல இறக்குங்க, கணக்கு அவ்ளோதான். முனை பாத்திரத்தோட அடியைத் தொடக்கூடாது, தொட்டா பாகோட சூடு இல்ல, பாத்திரத்தோட சூடுதான் தெரியும்.

இறக்கின உடனே முக்காதீங்க. வெனிலாவைக் கலந்துட்டு குமிழ் எல்லாம் அடங்க விட்டு, 90 லேர்ந்து 95 டிகிரிக்கு வர்ற வரைக்கும் காத்திருங்க. தெர்மாமீட்டர் இல்லாதவங்க கரண்டியைத் தூக்கிப் பாருங்க, தண்ணி மாதிரி ஓடாம தடிமனா ரிப்பன் மாதிரி விழுந்து மேலயே ஒரு செகண்ட் நின்னு கரைஞ்சா சரி. சூட்டோட முக்கினா மெல்லிசாத்தான் பிடிக்கும், மீதி வழிஞ்சு அடியில குளம் கட்டும். ரொம்ப ஆறிட்டா திட்டுத்திட்டா பிடிக்கும், அப்ப சின்னத் தீயில ஒரு நிமிஷம் காட்டினா இளகிரும். ஆறும்போது மேல வெண்ணெய் பிரிஞ்சு மிதந்துச்சுன்னா பதறாதீங்க, ஒரு ஸ்பூன் கொதிக்கிற தண்ணி விட்டு மெதுவா கிண்டுங்க, சேந்துக்கும்.

முக்குறதுல ஒரு கை லாவகம் இருக்கு. பாத்திரத்தைச் சாய்ச்சு ஒரு பக்கமா கேரமலைச் சேத்துக்கிட்டு, குச்சியைப் பிடிச்சு ஆப்பிளைப் படுக்க வச்ச மாதிரி இறக்கி ஒரே சுத்து, குச்சி பக்கத்துல கொஞ்சம் தோல் தெரியுற மாதிரி விட்டுட்டு மேல தூக்கி, வழியுறது நிக்குற வரைக்கும் அப்படியே பிடிச்சு, அடியைப் பாத்திரத்தோட விளிம்புல தேய்ச்சு விடுங்க, அந்தத் தேய்ப்புதான் அடியில தட்டு கட்டாம காப்பாத்தும். அப்புறம் தலைகீழா திருப்பி ஒரு பத்து செகண்ட், கேரமல் திரும்ப மேல் நோக்கி ஓடிச் சமமாகும், அப்பதான் தட்டுல வைக்கணும். தட்டுல வெண்ணெய் தடவின பட்டர் பேப்பரோ சிலிகான் மேட்டோ இருக்கணும், வெறும் தட்டுல வச்சீங்கன்னா எடுக்கும்போது அடிக் கேரமல் முழுசும் தட்டோட தங்கிடும். வேர்க்கடலை மாதிரி ஏதாவது ஒட்டணும்னா வறுத்து ஆறவச்சுப் பொடிச்சுத் தயாரா வச்சுக்கோங்க, முக்கி ஒரு நிமிஷத்துக்குள்ள ஒட்டினாத்தான் ஒட்டும். சாக்லேட் கோடு போடுறதுன்னா கேரமல் நல்லா இறுகினதுக்கப்புறம்.

இதெல்லாம் எதுக்கு, கடையில கிடைக்கிற கேரமல் மிட்டாயை உருக்கி முக்கினா ஆகாதான்னு கேட்டா, தாராளமா ஆகும். சொல்லப்போனா அமெரிக்காவுல 1950கள்ல கிராஃப்ட் கம்பெனியில வேலை பாத்த டான் வாக்கர்ங்கிறவர், ஹாலோவீனுக்குப் பண்ணி மிச்சமான கேரமல் மிட்டாயை உருக்கி ஆப்பிள்ல பூசிப் பாத்ததுலேர்ந்துதான் இது வந்துச்சுன்னு சொல்லுவாங்க. 400 கிராம் மிட்டாய்க்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் பாலோ தண்ணியோ விட்டு சின்னத் தீயில உருக்கணும், ஆறு ஆப்பிளுக்கு வரும். பதம் ஏற்கனவே அதுக்குள்ள இருக்கு, அதனால பசங்களோட சேந்து பண்ண இதுதான் வசதி, வாசனை மட்டும் நம்ம காய்ச்சுற கேரமல் பக்கத்துல வராது. சிவப்பா கண்ணாடி மாதிரி கேண்டி ஆப்பிள்னு ஒண்ணு இருக்குமே, அது வேற சமாச்சாரம், அதுல பாலும் வெண்ணெயும் கிடையாது, சர்க்கரைப் பாகை 150 டிகிரி வரைக்கும் ஏத்தி முக்குறது. எனக்கு அது பிடிக்காது, கடிச்சா வாயெல்லாம் கீறும்.

சூட்டைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். கொதிக்கிற தண்ணி பட்டா வழிஞ்சு போயிடும், பாகு தோல்ல ஒட்டிக்கிட்டு சுட்டுக்கிட்டே இருக்கும். பக்கத்துல ஒரு பெரிய கிண்ணத்துல குளிர்ந்த தண்ணி வச்சுக்கிட்டுத்தான் நான் அடுப்பைப் பத்த வைப்பேன். பட்டுருச்சுன்னா உரிக்காதீங்க, உடனே ஓடுற குழாய்த்தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க, வெண்ணெய், பேஸ்ட் எதுவும் தடவாதீங்க, பெருசா கொப்புளிச்சா டாக்டர்கிட்ட போயிருங்க. பசங்களுக்குக் கடலை ஒட்டுற வேலை மட்டும் கொடுங்க, முக்குறது பெரியவங்கதான்.

எத்தனை நாள் வச்சிருக்கலாம்னு கேட்டா இங்கதான் அந்தக் குச்சி ஓட்டைச் சாறு திரும்ப வருது. 2014 கடைசியில அமெரிக்காவுல கடையில வித்த கேரமல் ஆப்பிளால லிஸ்டீரியாங்கிற பாக்டீரியா பரவி 12 மாகாணத்துல 35 பேருக்கு நோய் வந்துச்சு, அதுல 34 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, 7 பேர் இறந்துட்டாங்க. எல்லாருக்கும் ஆச்சரியம், ஏன்னா ஆப்பிள் புளிப்பு, கேரமல்ல தண்ணியே கம்மி, ரெண்டுலயும் அது வளரக்கூடாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல சோதிச்சுப் பாத்து 2015ல சொன்னாங்க, குச்சி குத்தும்போது வெளிய வர்ற சாறு கேரமலுக்கும் தோலுக்கும் நடுவுல போய்த் தேங்குது, அந்த மெல்லிய ஈரத்துலதான் வளருதுன்னு. குச்சி குத்தின ஆப்பிளை வெளியில அறைச் சூட்டுல வச்சப்ப மூணே நாள்ல ஆயிரம் மடங்கு பெருகிருக்கு, ஃப்ரிட்ஜ்ல வச்சப்ப ஒரு வாரம் வரைக்கும் வளரல. இதைப் படிச்சப்பதான் எனக்கு உறைச்சுது, வழியுறதுக்கும் கெட்டுப் போறதுக்கும் காரணம் ஒரே ஈரம்தான்.

அதனால என் வீட்டுச் சட்டம், பண்ண அன்னைக்கே சாப்பிடணும், மிச்சம் இருந்தா இறுகின உடனே ஃப்ரிட்ஜ், அதிகபட்சம் மூணு நாள். மாசமா இருக்கிறவங்க, வயசானவங்க, உடம்புல எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கிறவங்களுக்கு அப்பப்ப பண்ணதை மட்டும்தான் கொடுப்பேன், ஏன்னா லிஸ்டீரியா தாக்குனா ரொம்பப் பாதிக்கப்படுறது அவங்கதான். ஃப்ரிட்ஜ்ல வைக்கும்போது ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுத்தி வைங்க, வெளிய எடுத்ததும் கவரைப் பிரிக்காம கால் மணி நேரம் விடுங்க, வேர்க்குறது கவர் மேல வேர்க்கும், கேரமல் பிசுபிசுக்காது, கடிக்கவும் பதமா இளகியிருக்கும்.

சின்னப் பசங்களுக்கு முழு ஆப்பிளைக் கொடுக்கிறதுல எனக்கு உடன்பாடே இல்ல, முன்பல்லு ஆடுற வயசுல அதைக் கடிக்கவும் முடியாது, பாதியில தூக்கிப் போட்டுருவாங்க. கட் பண்ணி துண்டைக் கேரமல்ல முக்கலாம்னா வெட்டின பக்கம் ஈரம், ஒட்டவே ஒட்டாது. அவங்களுக்கு அதே கேரமலை 108 டிகிரியிலயே கொஞ்சம் தனியா எடுத்து வச்சுருவேன், ஆறினா சாஸ் மாதிரி இருக்கும், ஆப்பிள் துண்டைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடட்டும்.

முக்கி முடிச்சதும் அடியில எப்பவும் கொஞ்சம் தங்கும். அதை வெண்ணெய் தடவின சின்ன டப்பாவுல ஊத்தி ஆறவச்சு துண்டு போட்டு பட்டர் பேப்பர்ல சுத்திட்டா மிட்டாய். பாத்திரத்தைச் சுரண்டிக் கஷ்டப்படாதீங்க, தண்ணி ஊத்தி அடுப்புல வச்சு ஒரு கொதி விடுங்க, கரண்டி, தெர்மாமீட்டர் முனை எல்லாத்தையும் அதுக்குள்ளயே போட்டுருங்க, எல்லாம் தானா கரைஞ்சு வந்துரும்.